பிசிறில்லாத துளைக்கு எந்த ட்ரில் பிட்?

ட்ரில் மிஷினோடு பெட்டியில் வரும் பிட்டை மாட்டி அழுத்தினால் எந்த மரத்திலும் துளை விழும். அந்தத் துளையை யாரும் பார்க்கப்போவதில்லை என்றால் விஷயம் அதோடு முடிந்தது. திருகுக்கு வழிவிடும் துளை, பிறகு மூடி மறைக்கப்போகும் துளை, அலமாரியின் பின்பலகையில் வயர் போகும் துளை இவற்றுக்கெல்லாம் தனி பிட் தேடுவது வீண்செலவு. கண்ணில் படும் துளை, மரமுளை இறுக்கமாக உட்கார வேண்டிய துளை, கப் ஹிஞ்ச்சின் (அலமாரிக் கதவுக்குள் பதியும் கீல்) கிண்ணம் பதியும் துளை என்று வரும்போதுதான் பிட்டுக்குப் பிட்டு உள்ள வித்தியாசம் தெரிகிறது. மேலே நார் எழும்பி நிற்கும். அடியில் விரல்நீளச் சிராய் பிய்ந்து தொங்கும். பலரும் மிஷினைக் குறை சொல்வார்கள். மிஷின் சுற்றத்தான் செய்கிறது, வெட்டுவது பிட்.

மரம் ஒரே திசையில் ஓடும் நார்களின் கட்டு. பலகையின் முகத்தில் ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். அந்தக் கோடு இரண்டு பக்கங்களில் நாரை ஒட்டியே ஓடும். மற்ற இரண்டு பக்கங்களில் நாரைக் குறுக்கே கடக்கும். பிய்ந்துபோவது பெரும்பாலும் குறுக்கே கடக்கும் அந்த இரண்டு இடங்களில்தான். அங்கே நாரை முதலில் அறுத்துவிட்டுப் பிறகு உள்ளே இருக்கும் மரத்தைத் தோண்டினால் விளிம்பு சுத்தமாக நிற்கும். அறுக்காமல் தோண்டினால் வெட்டுவாய் நாரைத் தூக்கும், தூக்கிய நார் வட்டத்துக்கு வெளியேயும் கொஞ்சம் உரிந்துகொண்டு வரும். ஆகவே எந்த பிட்டைக் கையில் எடுத்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது விளிம்பை முதலில் அறுக்கிறதா, நடுவை முதலில் தோண்டுகிறதா? விலை, பிராண்டு, தங்க நிறப் பூச்சு எல்லாம் அதற்குப் பின்னால்.

எல்லோரிடமும் இருக்கும் ட்விஸ்ட் பிட்

சுருள் காடி ஓடும் சாதாரண பிட். 1863-ல் அமெரிக்காவின் ஸ்டீபன் மோர்ஸ் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வாரிசு இது. இதன் மூக்கு கூம்பு; பொதுவாக 118 அல்லது 135 டிகிரிக் கோணம். இரும்புக்கு அது பொருத்தமான கோணம். மரத்திலோ கூம்பின் நடுதான் முதலில் இறங்குகிறது, விளிம்பைத் தொடும் மூலை கடைசியில் வந்து சேர்கிறது. அதற்குள் நடு மரம் தூக்கப்பட்டு, ஓர நார் இழுபட்டுவிடுகிறது. நமக்கு வேண்டியதற்கு நேர் தலைகீழான வரிசை.

இன்னொரு குறையும் உண்டு. மூக்கின் நுனியை உற்றுப் பார்த்தால் அது ஊசிமுனை இல்லை, குட்டையான ஒரு உளிவாய். அது பலகையில் பதியாமல் வழுக்கும். ரேகை அழுத்தமாக உள்ள மரத்தில், கடினமான கோட்டிலிருந்து சரிந்து பக்கத்தில் உள்ள மெதுவான பகுதிக்கு ஓடிவிடும். பென்சிலால் குறித்த புள்ளி ஓரிடம், துளை ஓரிடம். குத்தூசியால் முதலில் ஒரு பள்ளம் குத்திவைத்தால் இது குறையும், முற்றிலும் நிற்காது.

இருந்தாலும் இதைத் தூக்கிப்போட வேண்டாம். திருகுக்கு முன்துளை போட இதுவே போதும். ஏற்கெனவே உள்ள துளையைச் சற்றுப் பெரிதாக்க வேண்டுமானால் இதன் கூம்புதான் பழைய துளைக்குள் தானாக நடுவில் உட்காரும். மற்ற பிட்டுகளுக்கு நடுமுனை பிடிக்க மரமே இருக்காது. பலகையின் வெட்டுமுகத்தில், அதாவது நார்களின் நுனி தெரியும் பக்கத்தில் துளைக்கும்போதும் இது குறைசொல்ல முடியாத வேலை செய்யும். அங்கே வட்டத்தின் குறுக்கே ஓடும் நாரே கிடையாது, அறுக்கவும் ஒன்றுமில்லை.

பிராட் பாயின்ட்: 3 முதல் 12 மி.மீ. வரை இதற்கு நிகரில்லை

பார்வைக்கு ட்விஸ்ட் பிட் போலவேதான் இருக்கும், நுனி மட்டும் வேறு. நடுவில் ஒரு கூர்முனை, இரண்டு ஓரங்களிலும் சின்னக் கொம்புகள். கூர்முனை குறித்த புள்ளியில் போய்க் குத்தி நிற்கும், வழுக்காது. அடுத்து ஓரக் கொம்புகள் மரத்தைத் தொட்டு வட்டமாக நாரை அறுக்கும். அதற்குப் பிறகுதான் வெட்டுவாய் இறங்கி உள்ளே இருப்பதைச் சுருளாக எடுக்கும். நமக்கு வேண்டிய வரிசை அப்படியே இருக்கிறது.

ஆனால் "பிராட் பாயின்ட்" என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதெல்லாம் பிராட் பாயின்ட் ஆகிவிடாது. மலிவான செட்டுகளில் நடுமுனை இருக்கும், ஓரக் கொம்பு பேருக்குத்தான் இருக்கும். வெட்டுவாயும் கொம்பும் ஒரே மட்டத்தில் நிற்கும். அப்படியானது வழுக்காது, ஆனால் பிய்க்கும். சோதிக்க மிஷின் தேவையில்லை. பிட்டைக் கையில் பிடித்து ஒரு மெத்தான பலகையில் செங்குத்தாக ஊன்றி அழுத்தி, அரைச்சுற்று திருப்பி எடுங்கள். நடுவில் ஒரு குழியும் அதைச் சுற்றி முடிமாதிரி மெல்லிய முழுவட்டமும் விழுந்திருந்தால் நல்ல பிட். வட்டம் ஒரு பாதியில் அழுத்தமாகவும் மறுபாதியில் அரைகுறையாகவும் இருந்தால் ஒரு கொம்பு உயரம், ஒன்று தாழ்வு. வட்டமே விழாமல் நடுவில் குதறியிருந்தால் அது வெறும் வேஷம்.

மரமுளை வைத்துப் பலகைகளைச் சேர்ப்பவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம். 8 மி.மீ. முளைக்கு 8 மி.மீ. துளை என்றால் அது 8-ஆக இருக்க வேண்டும். ஆடும் பிட் 8.3 போட்டுவிட்டால் பசை இடைவெளியை நிரப்புமே தவிர இறுக்கத்தைத் தராது. பிராட் பாயின்ட்டின் நடுமுனை ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும். இதற்குக்கூட சக், அதாவது மிஷினில் பிட்டைக் கவ்வும் வாய், நேராக இருக்க வேண்டும். அறுகோணத் தண்டு உள்ள விரைவு-மாற்று பிட்டுகள் வசதியானவைதான், ஆனால் அந்தப் பொருத்தில் கொஞ்சம் தளர்வு இருந்தே தீரும். அளவு முக்கியமான இடத்தில் உருண்டைத் தண்டை மூன்று தாடை சக்கில் இறுக்கிப் பிடிப்பது நல்லது.

இதன் குறை என்ன? ஒன்றையொன்று ஒட்டிய துளைகள் போட முடியாது. நடுமுனை அல்லது ஓரம் காலியான இடத்தில் விழுந்தால் பிட் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு ஓடும். பலகையில் நீளக் காடி வெட்டுவதற்காக வரிசையாகத் துளை போடுபவர்கள் இடையிடையே மரம் விட்டுப் போட்டுக்கொண்டே போய், மிச்சத்தை உளியால் எடுப்பது இதனால்தான். 12 மி.மீ.க்கு மேல் கிடைக்கும் என்றாலும் அந்த அளவில் நான் வேறு பக்கம் போய்விடுவேன்.

ஸ்பேட் பிட்: வேகம் மட்டுமே

தட்டையான தகடு, நடுவில் நீண்ட முனை. வாங்க எளிது, கூராக்க எளிது, 25 மி.மீ. துளையைச் சட்டென்று போட்டுவிடும். குழாயும் வயரும் சட்டத்துக்குள் போக வேண்டுமானால் இதுவே சரி. சுத்தமான துளை என்ற பேச்சில் இதற்கு இடம் குறைவு. இரண்டு ஓரங்களிலும் கொம்பு வைத்த வகை நுழையும் பக்கத்தில் ஓரளவு சுத்தமாக வெட்டும். கொம்பில்லாத தட்டை வகை மரத்தைச் சுரண்டியே இறங்கும். தகட்டுக்குப் பக்கவாட்டில் தாங்கல் இல்லாததால் துளையின் சுவர் சொரசொரப்பாகவும் சற்று அகலமாகவும் வரும். சாய்வாகப் போட நினைத்தால் குதிக்கும்.

முனையின் நீளத்தை மறக்கக் கூடாது. அது 10 மி.மீ.க்கு மேலேயே நீண்டிருக்கும். 18 மி.மீ. பலகையில் பாதி ஆழத்துக்கு ஒரு குழி தோண்ட ஸ்பேட் பிட்டை எடுத்தால், குழி முடியும் முன்பே மறுபக்கம் முனை எட்டிப் பார்க்கும்.

ஃபோர்ஸ்ட்னர்: பெரிய துளைக்கும் தட்டையான அடிக்கும்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் துப்பாக்கித் தொழிலில் இருந்த பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் 1874-ல் காப்புரிமை பெற்றது. மற்ற எல்லா பிட்டையும் நடு வழிநடத்துகிறது. இதை வழிநடத்துவது விளிம்பு. சுற்றிலும் கத்திபோல் கூரான வளையம், அதில் இரண்டு இடத்தில் வெட்டு, அந்த வெட்டுக்குள் மரத்தைச் சீவும் இரண்டு தட்டை வாய்கள். நடுவில் உள்ள முனை மிகச் சிறியது, குறி பார்த்து வைக்க மட்டும்தான்.

இந்த ஒரு மாற்றத்தால் கிடைப்பவை ஏராளம். பலகையின் ஓரத்தில் பாதி வட்டம் வெளியே தொங்கும்படி அரைத்துளை போடலாம். ஒரு துளையின்மேல் பாதி படுகிற மாதிரி இன்னொன்று போடலாம். வரிசையாகப் போட்டுக் காடி தோண்டுவதற்கு இதைவிட வசதி இல்லை. சாய்வாக நுழையலாம். முடிச்சின்மேல் பட்டாலும் பாதை மாறாது. அடி தட்டையாக வரும், சுவர் வழவழப்பாக வரும், விளிம்பு வட்டக்கருவியால் வரைந்ததுபோல் இருக்கும். சுத்தம் என்று மட்டும் பார்த்தால் முகத்துளைகளில் நல்ல ஃபோர்ஸ்ட்னரை மிஞ்சுவது எதுவும் இல்லை என்பது என் கணக்கு.

கப் ஹிஞ்ச்சின் கிண்ணத்துக்கு வழக்கமான விட்டம் 35 மி.மீ., ஆழம் 12 அல்லது 13 மி.மீ. 18 மி.மீ. கதவில் அந்தக் குழியைத் தோண்டிய பிறகு மிஞ்சுவது 5 அல்லது 6 மி.மீ.தான். ஃபோர்ஸ்ட்னரின் நடுமுனை அதில் இன்னும் ஓரிரண்டு மி.மீ. இறங்கும், அவ்வளவே. இந்த வேலைக்கு இதற்கு மாற்று கிடையாது. லேமினேட் ஒட்டிய கதவாக இருந்தால் எஃகைவிடக் கடினமான கார்பைடு வாய் வைத்த ஹிஞ்ச் பிட்டை வாங்குவது புத்திசாலித்தனம். சாதாரண எஃகு அந்தக் கடினமான தோலில் சீக்கிரம் மழுங்கிவிடும்.

கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. வளையம் முழுக்க மரத்தோடு உராய்வதால் சூடு பயங்கரமாக ஏறும். கருகிய வாசனை வந்தால் மரம் மட்டும் அல்ல, பிட்டும் கெட்டுக்கொண்டிருக்கிறது. தூள் வெளியேற காடி கிடையாது. அடிக்கடி வெளியே இழுத்துத் தட்டிவிடாவிட்டால் உள்ளேயே அடைத்துக்கொள்ளும். ஆழமான துளைக்கு ஏற்றதல்ல. கையில் பிடித்த ட்ரில்லில் பெரிய விட்டம் ஓட்டுவது சிரமம். நுழையும் கணத்தில் கொஞ்சம் சாய்ந்தாலும் வளையத்தின் ஒரு பக்கம் கவ்வி, பிட் பலகையின்மேல் ஓடி ஒரு பிறைக்கீறல் போட்டுவிடும். ட்ரில் பிரஸ்ஸில், அதாவது நிலையாக நிற்கும் துளை மிஷினில், பலகையைக் கிளாம்ப் போட்டு ஓட்டும்போதுதான் இதன் அருமை தெரியும். பிரஸ் இல்லாதவர்கள் ஒரு கட்டைப் பலகையில் அதே அளவில் துளை போட்டு, அதை வேலைப்பலகையின்மேல் கிளாம்ப் செய்து வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். விளிம்பால் நடக்கும் பிட் ஆதலால் இது நன்றாகவே ஒத்துவரும்.

கடையில் வளையம் முழுதாக உள்ள வகையும், வளையத்தில் ரம்பப் பல் வெட்டிய வகையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். இரண்டுக்கும் ஃபோர்ஸ்ட்னர் என்றே பெயர் போட்டிருப்பார்கள். பல் வைத்தது குறைவாகச் சூடாகும், வேகமாக இறங்கும். முழு வளையம் நுழையும் விளிம்பை இன்னும் நேர்த்தியாக வெட்டும். 25 மி.மீ. வரை முழு வளையம், அதற்கு மேல் பல் வைத்தது என்று பிரித்துக்கொண்டால் தவறாது.

ஆகர் பிட்: ஆழத்துக்கு

நுனியில் திருகு. அது மரத்தைப் பிடித்துக்கொண்டு பிட்டைத் தானே உள்ளே இழுக்கும். நாம் அழுத்தவே வேண்டாம். ஓரக் கொம்பு நாரை அறுக்கும், பின்னால் வரும் வாய் தோண்டும், அகலமான காடி சில்லுகளை மேலே ஏற்றிவிடும். கட்டில் கால், தூண், உத்தரம் போன்ற கனமான மரத்தில் 150, 200 மி.மீ. ஆழத்துக்கு நேராகப் போக இதுதான். கையால் சுற்றும் பிரேஸில் மாட்டிப் பயன்படுத்திய காலத்துப் பெயர்கள் இன்னும் வழக்கில் உள்ளன: ரஸ்ஸல் ஜென்னிங்ஸ் 1855-ல் காப்புரிமை பெற்ற இரட்டைச் சுருள் வகை நுணுக்க வேலைக்கு, நடுவில் கெட்டித் தண்டு ஓடும் இர்வின் வகை முரட்டு வேலைக்கு.

மின் ட்ரில்லில் மாட்டும்போது கவனம் வேண்டும். திருகு இழுக்கும் வேகத்தை நாம் தீர்மானிப்பதில்லை, திருகின் புரிதான் தீர்மானிக்கிறது. கடினமான முடிச்சில் சிக்கி பிட் நின்றுவிட்டால் மிஷின் சுழன்று மணிக்கட்டை முறுக்கும். பக்கவாட்டுக் கைப்பிடி இல்லாமல் பெரிய ஆகரை ஓட்டவே கூடாது. வேகம் மிகக் குறைவாக, கியரில் 1 என்று இருக்கும் நிலையில். வெட்டுமுகத்தில் திருகுக்குப் பிடிப்பு கிடைக்காது. அங்கே இதை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

பெரிய வட்டத்துக்கு, சுமார் 50 மி.மீ.க்கு மேல், ஹோல் சா. அது துளைப்பதில்லை, வட்டமாக அறுக்கிறது. சுவர் ரம்பத் தடத்தோடு வரும், உப்புத்தாள் போட்டே ஆக வேண்டும். தூள் போக இடமில்லாமல் கருகுவதுதான் இதன் பெரிய தொல்லை. வட்டக்கோட்டைத் தொடுகிற மாதிரி, கழிவுப் பக்கத்தில் ஒரு 8 மி.மீ. துளையை முன்கூட்டியே போட்டுவிட்டால் தூள் அதன் வழியே கீழே விழும். வேலை பாதி நேரத்தில் முடியும், பல்லும் பிழைக்கும்.

அடிப்பக்கம் பிய்வதற்கு பிட் பொறுப்பல்ல

இதுவரை சொன்னதெல்லாம் நுழையும் பக்கம். வெளியேறும் பக்கத்தில் நிலைமை வேறு. கடைசி ஒரு மி.மீ. தடிமனில் நாருக்குப் பின்னால் தாங்க ஒன்றும் இல்லை. பிட் அழுத்துகிறது, நார் வளைகிறது, அறுபடுவதற்கு முன்பே உடைந்து பிய்கிறது. எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய பிட்டாக இருந்தாலும் தாங்கல் இல்லாவிட்டால் இது நடக்கும். தாங்கல் இருந்தால் சுமாரான பிட்கூட மானத்தைக் காப்பாற்றும். புதிய செட் வாங்குவதற்கு முன் ஒரு கழிவுப்பலகையையும் இரண்டு கிளாம்பையும் முயன்று பார்க்கச் சொல்வது அதனால்தான்.

அடிப்பலகை வேலைப்பலகையோடு இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். சும்மா கீழே வைத்தால் போதாது, கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். ஏற்கெனவே துளை விழுந்த இடத்தின்மேல் மறுபடி வைத்தால் தாங்கல் இல்லாததும் ஒன்றுதான். ஒவ்வொரு துளைக்கும் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள். அடிப்பலகை வைக்க வழியில்லாத இடத்தில் இருபக்கத்திலிருந்தும் போடுவது அடுத்த வழி. பிராட் பாயின்ட், ஃபோர்ஸ்ட்னர், ஸ்பேட், ஆகர் நான்குக்கும் நடுமுனை முன்னால் நீள்கிறது. அது மறுபக்கம் ஊசிமுனை அளவுக்கு எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி, அந்தப் புள்ளியிலேயே முனையை வைத்துத் துளைத்தால் இரண்டு முகமும் நுழையும் முகமாகிவிடும். ட்விஸ்ட் பிட்டில் இந்த வித்தை செய்ய முடியாது. மாஸ்கிங் டேப் ஒட்டினால் பிய்யாது என்று பலர் சொல்வார்கள். கொஞ்சம் உதவும், அடிப்பலகைக்கு அது மாற்று ஆகாது.

ப்ளைவுட்டின் மேல்தோல் மிக மெல்லியது, நுழையும் பக்கத்திலேயே செதிலாக எழும்பும். பிராட் பாயின்ட்டைப் பலகையில் ஊன்றி, மிஷினைப் பின்சுழற்சியில் வைத்து மெதுவாகச் சில சுற்று ஓட்டுங்கள். கொம்புகள் தோலை வட்டமாகக் கீறிவிடும், தோண்டாது. பிறகு முன்சுழற்சியில் இறங்கினால் தோல் அலுங்காமல் இருக்கும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் நாரோட்டமே இல்லாததால் சிராய் வராது. ஆனால் மழுங்கிய பிட் துளையைச் சுற்றி மேற்பரப்பை உப்ப வைத்துவிடும், அந்த மேடு பெயின்ட் அடித்தபின் பளிச்சென்று தெரியும். அதில் உள்ள பசை எஃகின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும் என்பதால், எம்டிஎஃப்பிலும் பார்ட்டிகிள் போர்டிலும் நிறைய வேலை செய்பவர்களுக்கு மட்டும் கார்பைடு வாய் வைத்தது கட்டுப்படியாகும்.

வேகம்

ஒரே சுற்றில் ஓடினாலும் பெரிய பிட்டின் விளிம்பு அதிக தூரம் ஓடுகிறது. 1500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1500 சுற்று) 10 மி.மீ. பிட்டின் ஓரம் நிமிடத்துக்குச் சுமார் 47 மீட்டர் நகரும், 35 மி.மீ. பிட்டின் ஓரம் 165 மீட்டர். பெரிய ஃபோர்ஸ்ட்னர் கருகுவதன் காரணம் இந்தக் கணக்குதான். 6 மி.மீ. பிராட் பாயின்ட்டை 1500 முதல் 2000 வரை தாராளமாக ஓட்டலாம். 35 மி.மீ. ஃபோர்ஸ்ட்னருக்கு 500-லிருந்து 700 போதும், தேக்கைவிடக் கடினமான மரமென்றால் இன்னும் இறக்குங்கள். ஸ்பேட் பிட் மட்டும் விதிவிலக்கு: மெதுவாகத் தொடங்கி, ஓரம் பதிந்ததும் வேகம் கொடுத்தால்தான் அது ஒழுங்காக வெட்டும். சுவரைத் துளைக்கும் சுத்தியல் நிலையில் மிஷின் இருந்தால் மரத்துளை எந்த பிட்டிலும் நாசம். பொத்தானை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வேகம் சரியா என்பதை எண்ணைவிடக் கழிவே சொல்லிவிடும். சுருளும் செதிலுமாக வந்தால் வெட்டுகிறது. மாவுபோலப் பொடியாக வந்தால் தேய்க்கிறது: பிட் மழுங்கியிருக்கலாம், அல்லது நீங்கள் அழுத்தமே தராமல் சுற்றவிட்டுக்கொண்டிருக்கலாம்.

எதை வாங்குவது?

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பிராட் பாயின்ட் செட்; 3 முதல் 10 மி.மீ. வரை உள்ள ஏழெட்டு பிட் போதும். கொஞ்சம் கூடக் கொடுத்து ஹைஸ்பீடு ஸ்டீலில் வாங்குங்கள். சாதாரண கார்பன் எஃகு மரத்தில் நன்றாகவே கூர்பிடிக்கும், ஆனால் ஒருமுறை சூடேறி நீலம் பாய்ந்தால் கடினம் போய்விடும்; ஹைஸ்பீடு ஸ்டீல் 500 டிகிரி தாண்டியும் தாங்கும். பழைய ட்விஸ்ட் பிட்டுகள் முன்துளைக்கும் இரும்புக்குமாகப் பக்கத்தில் இருக்கட்டும்.

ஃபோர்ஸ்ட்னரை மட்டும் செட்டாக வாங்காதீர்கள். மரப்பெட்டியில் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் 16 உருப்படியில் நீங்கள் தொடப்போவது மூன்று. அந்தப் பணத்தில் நல்ல தயாரிப்பாக 35 மி.மீ. ஒன்றும், வேலைக்குத் தக்க 20 அல்லது 25 மி.மீ. ஒன்றும் தனியாக எடுத்துக்கொள்வது மேல். கீல் பொருத்தும் வேலையே கிடையாது என்றால் 35-கூட வேண்டாம். ஆகர் பிட்டும் ஹோல் சாவும் வேலை வரும்போது அந்த அளவில் ஒன்று என்று வாங்க வேண்டியவை. இரும்புக் கம்பத்தில் சுழலும் ஒற்றைக் கத்தியால் எந்த அளவு வட்டமும் வெட்டும் கருவி ஒன்று உண்டு. ட்ரில் பிரஸ் இல்லாதவர் அதன் பக்கமே போக வேண்டாம்.

தவறான அளவில் துளை போட்டுவிட்டு அதைப் பெரிதாக்க பிராட் பாயின்ட்டோ ஸ்பேட்டோ எடுத்தால் நடுமுனை காற்றில் ஆடும். பழைய துளையில் அதே அளவு மரமுளையைப் பசைபோட்டு அடைத்து, காய்ந்ததும் மட்டமாக அறுத்துவிட்டு, புதிய நடுப்புள்ளியில் புதிதாகத் துளைப்பதே ஒழுங்கான வழி. ட்ரில் பிரஸ்ஸில் இறுக்கிப் பிடித்த ஃபோர்ஸ்ட்னருக்கு மட்டும் இந்தச் சிரமம் கிடையாது.

கூராக்குவதையும் வாங்கும்போதே யோசித்துவிட வேண்டும். ஸ்பேட் பிட்டை ஒரு தட்டை அரத்தால் இரண்டு பக்கமும் சமமாகத் தேய்த்தால் ஆயிற்று. ஆகருக்கும் ஃபோர்ஸ்ட்னருக்கும் ஒரே விதி: கொம்பையும் வளையத்தையும் உட்புறம் மட்டுமே தீட்ட வேண்டும். வெளிப்புறம் அரம் பட்டால் விட்டம் குறையும், பின்னால் வரும் உடல் துளைக்குள் இறுகிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த பிட் தேறாது. ஃபோர்ஸ்ட்னரின் தட்டை வாய்களை ஒரு சின்னக் கல்லால் நாலைந்து இழுப்பு இழுத்தாலே பாதிக் கூர் திரும்பிவிடும், இரண்டிலும் ஒரே எண்ணிக்கையாக. பிராட் பாயின்ட்டின் கொம்புகளைப் பொறுமையோடு மெல்லிய வைர அரத்தால் தீட்டலாம், 5 மி.மீ.க்குக் கீழே அந்தப் பொறுமைக்குப் பலன் கிடையாது, மழுங்கிய அளவை மட்டும் தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள்.